காரீயத் தாளில் உலோகத் துணிக்கை: பீலித் தண்ணீருக்கு ஓர் உரைகல்

பலாங்கொடையிலிருந்து பெரகலைச் சந்தியை நோக்கி மலையேறும் ஏ4 வீதியில் ஹல்துமுல்லையைக் கடந்து சென்றவர்கள், பாறை இடுக்குகளிலிருந்து குழாய் வழியாக ஓயாது வழிந்துகொண்டிருக்கும் நீரைக் கண்டிருப்பார்கள். தோட்டப்புறங்களில் அதற்குப் பீலி என்று பெயர். இப்பிரதேசத்தின் லயன்களில் வாழும் பல குடும்பங்களுக்குக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குளிப்பதற்கும் மலையூற்று நீரே ஆதாரம். மழை பெய்து நீர் கலங்கினால் ஒரு நாள் பொறுத்து எடுப்பார்கள். தெளிந்துவிட்டால் நல்ல தண்ணீர் என்பது தலைமுறைகளாக இருந்துவரும் கணிப்பாகும்.

மண்ணையும் சருகையும் பொறுத்தவரையில் இக்கணிப்பு சரியானதே. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்றுக்கு நிறமில்லை. ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் அந்த அளவுகளில் மணமோ சுவையோ இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலின்படி ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும், கட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டலாகாது. இறுதியாகச் சொன்ன அளவு எத்துணை சிறியது என்பதை இப்படிப் பார்க்கலாம்: 1000 லீற்றர் கொள்ளும் தாங்கி ஒன்றில் 3 மில்லிகிராம் கட்மியம், அதாவது சில சீனிப் பரல்களின் எடை, கலந்தாலே எல்லை எட்டப்பட்டுவிடும். இதனைக் கண்டறியக் கண்ணும் நாவும் உதவா.

இன்றுள்ள வழி, போத்தலில் நீரை எடுத்து நகரத்து ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பி, பதிலுக்காகக் காத்திருப்பதுதான். அங்குள்ள கருவிகள் நம்பகமானவை. ஆனால் அவை விலைமிக்கவை. பயிற்சி பெற்றவர்களால் மட்டுமே இயக்கத்தக்கவை. தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வர முடியாதவை. ஆகவே ஒரு பீலியின் நீர் என்றாவது ஒருநாள் சோதிக்கப்பட்டாலும், உரம் போட்டபின் வந்த முதல் மழைக்கு மறுநாள் அதே நீரில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமற் போகிறது.

இது தேயிலைத் தோட்டங்களின் கவலை மட்டுமன்று. இதே பதுளை மாவட்டத்தில் வெலிமடைப் பக்கம் சில்மியாபுர, குருத்தலாவ ஆகிய முஸ்லிம் கிராமங்களை உள்ளிட்ட பகுதி, உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் பெயர் பெற்றது. ஆண்டில் பல போகம் பயிரிட்டு உரமும் கிருமிநாசினியும் இடப்படும் மண்ணுக்கு அடியிலேயே கிணறுகளும் இருக்கின்றன. மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள கிராந்துருக்கோட்டையிலோ, வடமத்திய மாகாணத்தை வாட்டும் காரணமறியாச் சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களைப் பல்லாண்டுகளாகப் பீடித்து வருகிறது. அந்நோய்க்கு நீரின் கடினத்தன்மையா, புளோரைட்டா, விவசாய இரசாயனமா, வெப்பமும் நீரிழப்புமா காரணம் என்ற விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. முடியாமலிருப்பதற்கு ஒரு காரணம், ஒரே கிணற்றை ஆண்டு முழுவதும் அடிக்கடி அளந்த பதிவுகள் போதாமையே என்பது எமது எண்ணம்.

மலிவான, கையில் எடுத்துச் செல்லத்தக்க, அந்த இடத்திலேயே பதில் சொல்லும் கருவி ஒன்று இருந்தால்? அத்தகைய கருவிகளை உருவாக்கும் முயற்சியில் உலகெங்கிலும் உள்ள இரசாயனவியலாளர்கள் கடந்த பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் ஒரு பொருளுக்கு மூலம், எமது நாட்டின் மண்ணுக்கடியில் கிடக்கும் காரீயமாகும். அதிலிருந்து உரித்தெடுக்கப்படும் கிரபீன் என்னும் மெல்லிய தாளில் பொன், வெள்ளி, செப்பு, பிளாற்றினம் போன்ற உலோகங்களின் நுண்துணிக்கைகளைப் பதிப்பதே அவர்கள் செய்யும் வேலை. அதை ஏன் செய்கிறார்கள், அதில் எது கடினம், அது மலைநாட்டுப் பீலிக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பவற்றை இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கலைத்துறையில் பட்டம் பெற்ற எமக்கு இதனை விளங்கிக்கொள்ளச் சில காலம் பிடித்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

முதலில் பெயர் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தில் காரீயம் என்றால் ஈய உலோகம். இலங்கையில் நாம் காரீயம் என்பது பென்சிலுக்குள் இருக்கும் கரிய பொருளை. அதில் ஈயம் துளியும் இல்லை. அது முற்றிலும் காபன். ஈயத்தைக் கண்டுபிடிக்கக் காரீயத்தைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதால் இந்தக் குழப்பத்தை ஆரம்பத்திலேயே களைந்துவிடுவது நல்லது.

இனி, தண்ணீரிலுள்ள ஒன்றை மின்சாரத்தால் அளப்பது எவ்வாறு? இதற்கு உதாரணம் பலருடைய வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைப் பட்டியொன்றில் வைத்துப் பார்க்கும் சிறிய கருவி அது. அப்பட்டியில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் காபன் மை. அதன்மேல் பூசப்பட்ட நொதியம் குருதியிலுள்ள குளுக்கோசைத் தேடிப்பிடித்து அதிலிருந்து இலத்திரன்களைக் கழற்ற, அவை காபன் வழியே ஓடி மின்னோட்டமாகின்றன. குளுக்கோசு கூடினால் மின்னோட்டம் கூடும். திரையில் தெரியும் எண் அந்த மின்னோட்டத்தின் மொழிபெயர்ப்பே. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் ஆகிய இருவர் இதற்கான அடிப்படையை முன்வைத்தனர். ஆய்வுகூடத்தில் மட்டுமே சாத்தியமாக இருந்த ஒரு சோதனை வீட்டு மேசைக்கு வந்தது. தண்ணீருக்கும் இதுபோன்ற ஒரு பட்டியைச் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

முடியும். ஆனால் வெறும் காபன் இங்கே போதாது. காபன் மின்சாரத்தை நன்கு கடத்தும், ஆனால் சோம்பேறி. நைத்திரேற்று வந்து அதன் மேல் மோதினாலும் அதற்கு இலத்திரனை எளிதில் கொடுக்காது. செப்பு கொடுக்கும். ஐதரசன் பெரொக்சைட்டைப் பிளாற்றினம் நன்கு உணரும். ஆசனிக்கையும் இரசத்தையும் பொன் தன்மேல் படியவிட்டுப் பிடித்துக்கொள்ளும். ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் பிஸ்மத்து பொருத்தமானது. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு கைராசி. ஆகவே கடத்தும் வேலையைக் காபனுக்கும், வினைபுரியும் வேலையை உலோகத்துக்கும் கொடுப்பதே முறை.

அவ்வாறெனில் ஒரு செப்புத் தகட்டையே வைத்தாலென்ன என்று கேட்கலாம். தகட்டில் வேலை செய்வது மேற்பரப்பிலுள்ள அணுக்கள் மட்டுமே. உள்ளே புதைந்திருப்பவை வாளாவிருக்கும். ஒரு கன சென்ரிமீற்றர் பொன், சுமார் 19 கிராம், கட்டியாக இருந்தால் அதன் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே பக்கத்துக்கு 10 நனோமீற்றர் கொண்ட கனங்களாக நறுக்கினால் மேற்பரப்பு 600 சதுர மீற்றராகிவிடும். தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்ட வழங்கப்பட்ட 7 பேர்ச்சஸ் காணி மூன்றைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஒரு மில்லிமீற்றரை பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். தவிரவும், இவ்வளவு சிறிதாகும்போது உலோகத்தின் குணமே மாறுகிறது. கட்டியாக இருக்கையில் எதனோடும் சேராத பொன், சில நனோமீற்றர் அளவுக்கு நுணுக்கப்பட்டால் சிறந்த ஊக்கியாகிறது என்பதை 1987இல் ஜப்பானிய விஞ்ஞானி மசாதாகே ஹருத்தா எடுத்துக்காட்டினார். பொன்னுக்கும் பிளாற்றினத்துக்கும் உள்ள விலையில், அணு வீணாகாமல் பயன்படுவது எத்தகைய சிக்கனம் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இத்துணிக்கைகளைத் தனியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் மெல்ல மெல்லச் சேர்ந்து பெரிய வட்டமாவதைப் போன்றது அது. அவற்றைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் மின்தொடர்பும் கொடுக்கும் விரிந்த நிலம் ஒன்று வேண்டும். அந்த நிலமே கிரபீன்.

காரீயம் என்பது காபன் அணுக்களாலான தாள்களின் அடுக்கு. தாளுக்குள் அணுக்கள் தேன்கூட்டின் அறுகோண வடிவில் மிக உறுதியாகப் பிணைந்துள்ளன. தாளுக்கும் தாளுக்கும் இடையிலோ பிடிப்பு மிகத் தளர்வு. பென்சிலால் எழுதும்போது தாளடுக்குகள் வழுக்கிக் கொப்பியில் படிவது அதனாற்றான். ஒரு மில்லிமீற்றர் தடிப்பான காரீயத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தாள்கள் இருக்கும். 2004இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெயிம், கொன்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர், கடையில் வாங்கும் ஒட்டுநாடாவைக் காரீயத்தில் ஒட்டி உரித்து, மீண்டும் மீண்டும் உரித்து, ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்து அதன் இயல்புகளை அளந்து காட்டினர். 2010இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு கிராம் கிரபீனின் இரு பக்கங்களையும் முழுமையாக விரித்தால் சுமார் 2630 சதுர மீற்றர், அதாவது 104 பேர்ச்சஸ் பரப்பு என்பது கணிப்பு.

இலங்கைக் காரீயத்துக்கு இங்கே தனி இடம் உண்டு. கேகாலை மாவட்டத்தின் போகலை, குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களில் அது பாறைப் பிளவுகளுக்குள் நரம்புபோல ஓடுகிறது. 90 வீதத்துக்கும் மேற்பட்ட, சிறந்த துண்டுகளில் 99 வீதத்தை எட்டும் காபன் தூய்மை அதற்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் உலோகம் உருக்கும் மூசைகளைச் செய்ய இதனை வாங்கின. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஏற்றுமதி ஆண்டொன்றுக்கு 30,000 தொன்னைத் தாண்டியது. டி. எஸ். சேனநாயக்கவின் தந்தையார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க செல்வந்தரானது இந்தக் காரீயத்தால்தான். இன்று ஏற்றுமதி சில ஆயிரம் தொன்னாகச் சுருங்கிவிட்டது. அதிலும் பெரும்பகுதி, தேயிலையைப் பெட்டியில் அடைத்து அனுப்பியதைப் போலவே, வெட்டித் தரம் பிரித்து அனுப்பப்படுவது. 2008இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இப்போக்கை மாற்ற முனைந்தது. 2018இல் தனியார் நிறுவனமொன்றுடன் இணைந்து இலங்கைக் காரீயத்திலிருந்து கிரபீன் தயாரிக்கும் கூட்டு முயற்சியையும் அது தொடங்கியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தாளை உரித்து விற்பதும் ஒருவகையில் மூலப்பொருளை விற்பதேயாகும் என்பதை நாம் மறக்கலாகாது. பெறுமதி இருப்பது அதன்மேல் உலோகத்தைப் பதிக்கும் அறிவில்.

அந்த அறிவு எதைப் பற்றியது? சேம்பிலையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். இலை நனையாது. துளிகள் உருண்டோடி ஒன்றாய்த் திரண்டு ஒரு பக்கமாக வழிந்துவிடும். குறையற்ற கிரபீன் தாளின்மீது உலோக அணுக்களின் நிலையும் இதுதான். தாளிலுள்ள ஒவ்வொரு காபனும் தன் அயலவர்களோடு நிறைவாகப் பிணைந்திருப்பதால் வந்தவரைப் பிடித்துக்கொள்ள அதனிடம் கையில்லை. உலோக அணுக்களுக்கோ தாளைவிடத் தம்மினமே விருப்பம். ஆகவே அவை ஓடித் திரளும். சில நாள் உபயோகத்திலேயே நுண்துணிக்கைகள் பருத்துவிடும், அல்லது உதிர்ந்து நீரோடு போய்விடும்.

இலையில் நீரை நிறுத்த வேண்டுமானால் இலையைச் சுரண்ட வேண்டும். இரசாயனவியலாளர் செய்வதும் அதையே. காரீயத்தைச் செறிந்த சல்பூரிக்கமிலத்திலும் பொற்றாசியம் பரமங்கனேற்றிலும் இட்டு ஒட்சியேற்றினால் தாள்கள் விரிந்து நீரில் பிரிந்துவிடுகின்றன. தாளெங்கும் ஒட்சிசன் கூட்டங்கள் முளைகளைப்போல எழுகின்றன. 1958இல் ஹம்மர்ஸ் என்பவர் வெளியிட்ட முறையின் பல வடிவங்கள் இன்றும் கையாளப்படுகின்றன. கிடைப்பது கிரபீன் ஒட்சைட்டு. அந்த முளைகளில் உலோகத்தைக் கட்டலாம். ஆனால் ஒரு சங்கடம்: கிரபீன் ஒட்சைட்டு மின்சாரத்தைக் கடத்தாது! பிடிப்புக்காகச் சுரண்டிய சுரண்டலில் இலையே கிழிந்துவிட்டது. எனவே ஒட்சிசனில் பெரும்பகுதியை மீண்டும் அகற்றிக் கடத்துதிறனைத் திருப்ப வேண்டும். முற்றாக அகற்றினால் உலோகத்துக்குப் பிடியில்லை, அதிகம் விட்டால் மின்னோட்டமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டறிவதே இத்துறையின் முழு வித்தையும் எனலாம். காபன் சிலவற்றுக்குப் பதிலாக நைதரசனைப் புகுத்துவது, ஒட்சிசனின்றியே பிடி தரும் இன்னொரு வழி.

நடைமுறையில், கிரபீன் ஒட்சைட்டு கலந்த நீரில் உலோக உப்பைக் கரைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தாழ்த்தும் இரசாயனமொன்றைச் சேர்ப்பது வழக்கம். வெள்ளி நைத்திரேற்றை எடுத்துக்கொண்டால் வெள்ளி அயன் நேரேற்றம் உடையது. தாளின் முளைகள் எதிரேற்றம் உடையவை. ஆகவே தாமாகவே போய் ஒட்டிக்கொள்ளும். பொன்னில் அப்படியில்லை. கரைசலில் பொன் எதிரேற்றமுள்ள குளோரைட்டுக் கூட்டமாக இருப்பதால் தாள் அதனைத் தள்ளும். அங்கே கந்தகம் கொண்ட இணைப்பு மூலக்கூறுகளை நடுவராக வைப்பதுண்டு. நடுவர் நன்றாகப் பிடித்துக்கொள்வார், ஆனால் இலத்திரன் போகும் வழியையும் சற்று மறிப்பார். மூன்றாவது வழி, கிரபீன் பூசிய மின்வாயை உலோக உப்புக் கரைசலில் தோய்த்துச் சில விநாடிகள் மின்னழுத்தம் கொடுப்பது. மின்தொடர்பு உள்ள இடத்தில் மட்டுமே துணிக்கை முளைக்கும் என்பதால், நீர்ச்சோதனைப் பட்டிகளுக்கு இதுவே மிகவும் பொருத்தமானது என்று எமக்குப் படுகிறது. ஏற்பாடும் எளியது. நகைக்கு முலாம் பூசுபவரின் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே முழுமையாகப் பூசுவார்கள், இங்கே பொட்டுப் பொட்டாக நிறுத்துகிறார்கள். நின்ற துணிக்கைகள் ஒரு கைம்மாறும் செய்கின்றன. உலரும்போது தாள்கள் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காரீயமாகிவிடாமல் இடையே முட்டுக்கொடுத்துக் காக்கின்றன.

இவ்விடத்தில் ஹல்துமுல்லை வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்றுண்டு. தாழ்த்தும் இரசாயனங்களாக வழக்கத்தில் உள்ள ஐதரசீனும் சோடியம் போரோஐதரைட்டும் நச்சுத்தன்மை வாய்ந்தவை. அவற்றுக்குப் பதிலாகத் தேயிலைச் சாயத்தைக் கொண்டே கிரபீன் ஒட்சைட்டைத் தாழ்த்தலாம் என்பதை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொலிபீனோல்கள் இலத்திரனை வழங்கும் இயல்புடையவை. பொன், வெள்ளி அயன்களையும் அவை துணிக்கைகளாக்கும். தாளைச் சுற்றிப் படிந்து, தாள்கள் ஒட்டிக்கொள்வதையும் தடுக்கும். கொழுந்து பறிக்கும் மலையும் காரீயம் வெட்டும் சுரங்கமும் ஒரே குடுவையில் சந்திக்கின்றன!

ஆயினும் இதில் மயங்கிவிடலாகாது. அதே பொலிபீனோல் படலம் இலத்திரனுக்குத் தடையாகவும் அமையலாம். அதுவே மின்வாயில் வினைபுரிந்து பொய்யான மின்னோட்டத்தைத் தரவும் கூடும். மேலும் கொழுந்தின் சேர்க்கை உயரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுபடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணம், ஏலத்தில் விலையை உயர்த்தும். ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரியான பட்டி வேண்டும் ஆய்வாளருக்கோ அந்த மாறுபாடு தலைவலி.

இப்போது பட்டி தயாராகிவிட்டது என்று கொள்வோம். ஈயத்தையும் கட்மியத்தையும் அது எப்படிக் கண்டுபிடிக்கும்? வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் மின்வாய்க்குச் சில நிமிடங்கள் எதிர்மின்னழுத்தம் கொடுத்து, நீரில் சிதறிக் கிடக்கும் உலோக அயன்களை அதன்மேல் படியவைக்கிறார்கள். பெருந்தொகை நீரில் கரைந்திருந்ததை ஒரு புள்ளியில் சேமிக்கும் உண்டியல் இது. பின்னர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக நேர்ப்பக்கம் உயர்த்தும்போது, ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் கரைந்து வெளியேறும்: முதலில் கட்மியம், அடுத்து ஈயம், பின்னர் செப்பு. வெளியேறும்போது எழும் மின்னோட்டத்தின் உயரம் அளவைச் சொல்கிறது, எழுந்த இடம் பெயரைச் சொல்கிறது. மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் இத்துறைக்கு 1922இல் அடித்தளமிட்டவர் செக் நாட்டு விஞ்ஞானி யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. அதற்காக 1959இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பயன்படுத்தியது சொட்டுச் சொட்டாக விழும் இரசத்தை. நச்சுத்தன்மையால் இரசத்தை வயல்வெளிக்குக் கொண்டுபோக முடியாதிருந்தது. 2000ஆம் ஆண்டளவில் அதன் இடத்துக்குப் பிஸ்மத்து முன்மொழியப்பட்ட பின்னரே எடுத்துச் செல்லும் கருவி என்ற எண்ணம் நடைமுறைக்கு அண்மித்தது.

இத்துறையில் மிகைப்படுத்தலுக்கும் பஞ்சமில்லை. கிரபீனில் எதையேனும் கலந்து, முன்னையதைவிடச் சிறந்தது என்று அறிவிக்கும் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. இதனால் சலிப்புற்ற பிராக் நகர ஆய்வாளர்கள் 2020இல் ஒரு காரியம் செய்தார்கள். பறவை எச்சத்தைக் கிரபீனில் கலந்து சோதித்தார்கள். அதுவும் வெறும் கிரபீனைவிடச் சிறப்பாகவே வேலை செய்தது! கலந்தது எது, ஏன் வேலை செய்கிறது என்று அறியாமல் எண்ணை மட்டும் காட்டிப் பயனில்லை என்பதை இதைவிட நயமாகச் சொல்லிவிட முடியாது. இயற்கைக் காரீயத்தில் ஒளிந்திருக்கும் இரும்பு, நிக்கல் போன்ற மாசுகளும், பரமங்கனேற்றிலிருந்து ஒட்டிக்கொள்ளும் மங்கனீசும்கூட இவ்வாறு போலிப் பெருமை தேடித் தரக்கூடும். இந்த இடத்தில்தான் எமது காரீயத்தின் தூய்மை உண்மையான முதலீடாகிறது.

பீலி நீருக்கு வருவோம். ஆய்வுகூடத்தின் வடித்த நீரில் அளப்பது வேறு, சருகு ஊறிய ஓடை நீரில் அளப்பது வேறு. மட்கிய இலைகளிலிருந்து வரும் சேதனப் பொருட்கள் மின்வாயில் படலம்போல் படிந்து துணிக்கைகளை மூடும். சில உலோக அயன்களைத் தம்மிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆதலால் நீரை அமிலப்படுத்தி, தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து மீண்டுமொரு முறை அளந்து சரிபார்க்க வேண்டும். காலைக் குளிரிலும் நண்பகல் வெயிலிலும் மின்னோட்டம் வேறுபடும். கருவி அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். செப்புத் துணிக்கை காற்றில் விரைவாக ஒட்சியேறும் என்பதால் பட்டியின் ஆயுளும் வரையறுக்கப்பட்டதே.

அதோடு இந்தப் பட்டி எல்லாவற்றையும் அளக்காது. சிறுநீரக நோய் தொடர்பாகப் பேசப்படும் புளோரைட்டுக்கு வேறு வகை மின்வாய் தேவை. தோட்டப்புறங்களில் உடனடி ஆபத்து பெரும்பாலும் மலக்கிருமிகளால் வருவது. அதற்குக் கொதிக்க வைப்பதும் குளோரினும் மலசலகூடங்களும்தான் பதில். அங்கே பட்டி செய்யக்கூடியது, நீரில் இட்ட குளோரின் வீட்டுக் குழாய்வரை எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது. பொன், பிளாற்றின மின்வாய்களால் அது முடியும். நைத்திரேற்றையும் கனவுலோகங்களையும் பொறுத்தவரை, எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை அன்றே சொல்லிவிட்டால் போதும். சரியான தசமத்தை ஆய்வுகூடம் பின்னர் சொல்லட்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைப்பதா வேண்டாமா என்று நிற்கும் தாய்க்கு, பத்து நாள் கழித்து வரும் துல்லியத்தைவிட அன்று வரும் ஆம்-இல்லை பெறுமதியானது.

பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதையே தன் குறிக்கோளாக அறிவித்து உருவானது. காரீயத்தை ஒட்சியேற்றும் ஆலையை மலையில் வைக்க நாம் சொல்லவில்லை. அமிலமும் மங்கனீசும் கலந்த கழிவை ஓடையின் தலைமாட்டில் கொண்டுவந்து வைப்பது, தண்ணீரைச் சோதிக்கப் போய்த் தண்ணீரைக் கெடுத்த கதையாகிவிடும். தாள் வேறிடத்தில் ஆகட்டும். உலோகத்தைப் பதிப்பதும், பட்டியை அச்சிடுவதும், மலைநீரில் அதனைச் சோதித்துத் திருத்துவதும் இங்கே நடக்கலாம். ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் ஐந்தாறு பீலிகளையும் வெலிமடைப் பக்கம் ஐந்தாறு கிணறுகளையும் தெரிவுசெய்து, உரமிடும் மாதங்களும் மழை மாதங்களும் அடங்க ஓராண்டு அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே போத்தல் நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவ்விடத்திலேயே பட்டியாலும் மற்றதை ஆய்வுகூடத்திலும் பார்க்க வேண்டும். இரண்டு எண்களும் எங்கே ஒத்தன, எங்கே பிசகின என்பதை மறைக்காமல் வெளியிட வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ அரை நாள் பயிற்சியில் கையாள முடியாத கருவியாயின், அது மீண்டும் ஆய்வுகூடத்துக்கே திரும்பட்டும்.

இந்த எண்கள் கோவைக்குள் போய் உறங்கவும் கூடாது. தோட்டத்தில் பிரட்டுக்களத்திலும், கிராமத்தில் பள்ளிவாசல் அறிவித்தற் பலகையிலும், தமிழில், திகதியோடு எழுதப்பட வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து உயிர்கள் புதையுண்ட பின்னர், முன்னரே விடுக்கப்பட்டிருந்த எச்சரிக்கைகள் என்னவாயின என்ற கேள்வி எழுந்தது. அறிந்தவர்களிடம் இருந்த தகவல் குடியிருந்தவர்களிடம் செயலாக மாறவில்லை என்பதே அன்று கண்ட குறை.

எண் எல்லையைத் தாண்டினால் எந்தக் குழாயை மூடுவது, மாற்று நீரை எத்தனை மணித்தியாலத்துக்குள் யார் கொண்டுவருவது, செலவு யாருடையது என்பதைக் கருவி சொல்லாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாக நீண்டகாலம் காட்டப்பட்டது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. எனவே முதலாவது பட்டி பீலியில் நனைவதற்கு முன்பே, தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் கூடி அந்த மூன்று கேள்விகளுக்குமான பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.